ஜாதிலுவி: நெல்லும் நீரும் ஆளும் ஓர் ஊர்
வாசகர் கேள்வி – பதில்

இந்தோனேசியாவின் சிறு கிராமம் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள், போய்ப் பார்க்கவும் வேண்டும், முதல் போட இடமிருக்கிறதா என்றும் தெரியவேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயனிருக்காது. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறோம்: பாலித் தீவில் தபானான் மாவட்டம், பெனெபெல் வட்டத்தைச் சேர்ந்த ஜாதிலுவி.

எத்தனையோ ஊர்கள் இருக்க இந்த ஊர் ஏன்? அங்கே என்ன இருக்கிறது? (வாசகர், திருப்பூர்)

பத்துகாரு எரிமலை 2,276 மீட்டர் உயரம். அதன் தெற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் ஜாதிலுவி இருக்கிறது. ஊரைச் சுற்றி ஏறக்குறைய 300 ஹெக்டேரில் படிப்படியாக வெட்டிய நெல்வயல்கள். பாலியின் ‘சுபாக்’ என்னும் நீர்ப் பங்கீட்டு முறையை யுனெஸ்கோ 2012-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 19,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சின்னத்தில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி ஜாதிலுவிதான். 2024-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஊரின் வருமானம் இரண்டு வழிகளில் வருகிறது: நெல், அந்த நெல்லைப் பார்க்க வருகிறவர்கள். இரண்டாவது முதலாவதைத் தின்றுவிடாமல் காப்பதுதான் ஊரின் இன்றைய பெரும்பாடு. சுற்றிப் பார்க்கப் போகிறவரும் பணம் போட நினைப்பவரும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றப் பதில்களைப் படியுங்கள்.

எப்படிப் போவது? விசா, கட்டணம் என்னென்ன? (வாசகி, பொள்ளாச்சி, வாசகர், கிள்ளான்)

இந்தியக் கடவுச்சீட்டுக்கு வந்திறங்கியதும் விசா உண்டு. கட்டணம் 5 லட்சம் ரூபியா (இந்தோனேசிய நாணயம்). 30 நாள் தங்கலாம், ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். புறப்படுமுன் இணையத்திலேயே எடுத்துவிட்டால் விமான நிலையத்து வரிசை மிச்சம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், திரும்பும் பயணச்சீட்டும் கையில் வேண்டும். மலேசியர், சிங்கப்பூரருக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் அந்தத் தங்கலை நீட்டிக்க முடியாது.

விசா வேறு, பாலி மாகாண வரி வேறு. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் ஒரு வருகைக்கு ஒன்றரை லட்சம் ரூபியா கட்டவேண்டும். இதில் மலேசியரும் சேர்த்தி. ‘லவ் பாலி’ என்ற அரசுத் தளத்தில் கட்டி, வரும் குறியீட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாதிலுவி நுழைவுச்சீட்டு இவ்விரண்டிலும் சேராது, ஊர் எல்லைச் சாவடியில் தனியாக வாங்கவேண்டும். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபியா ஒதுக்கினால் சீட்டுக்கும் வண்டி நிறுத்தவும் போதும். நம் கணக்கில் அது ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல்.

தென்பசார் விமான நிலையத்திலிருந்து தூரம் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும். தபானான் நகர நெரிசலும் பெனெபெலுக்கு மேலே குறுகலான மலைப்பாதையும் காரணம். பாலியின் சுற்றுலா ஊரான ஊபுடிலிருந்து ஒன்றரை மணி நேரம். பொதுப் பேருந்து கிடையாது. ஓட்டுநரோடு வாடகைக் கார் நாளுக்கு 6 முதல் 8 லட்சம் ரூபியா, எரிபொருள் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வடக்கே பெடுகுல் ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பச்சுங் என்ற இடத்தில் மேற்கே திரும்பி, செங்கானான் வழியாக இறங்கலாம். திரும்பும்போது பெனெபெல் வழி போனால் ஒரே பாதையை இரண்டுமுறை பார்க்க வேண்டியதில்லை. பெரிய பேருந்தில் குழுவாக வருகிறவர்கள் வளைவுகளில் எதிர்வண்டிக்காக நின்று நின்று அரைநாளைத் தொலைக்கிறார்கள். பன்னிரண்டு பேர் ஏறும் வேன்தான் இந்தச் சாலைக்கு அளவு.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வண்டிக்கான முத்திரை இருக்கவேண்டும். காருக்கு மட்டும் முத்திரை இருந்து விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடு பணம் தராது.

எந்த மாதம் போனால் வயல் பச்சையாக இருக்கும்? (வாசகி, மதுரை)

ஊர் முழுக்க ஒரே காலத்தில் நடுகிறது, அதனால் மாதத்தைச் சொன்னால் வயலின் நிறத்தைச் சொல்லிவிடலாம். முதல் போகம் உள்ளூர்ச் சிவப்பு நெல். பயிர்க்காலம் ஐந்தரை முதல் ஆறு மாதம். ஜனவரியை ஒட்டி நட்டு ஜூன், ஜூலையில் அறுக்கிறார்கள். இரண்டாம் போகம் குறுகிய கால வெள்ளை நெல், ஆகஸ்டிலிருந்து ஆண்டு முடிவுக்குள்.

மார்ச், ஏப்ரலில் இளம்பச்சை, ஆனால் மழை இன்னும் முழுதாக விட்டிருக்காது. மே இறுதியிலிருந்து ஜூன் வரை கதிர் முற்றிப் பொன்னிறம், வானமும் தெளிவு. எங்கள் பரிந்துரை இதுதான். அறுப்பு முடிந்த சில வாரம் தாள்கட்டையும் தேங்கிய நீரும் மட்டுமே. படம் எடுக்க வருகிறவர் ஏமாறுவார், உழவு தெரிந்தவருக்கோ அதுவே நல்ல காலம்: வாத்துக் கூட்டம் சிந்திய நெல்லையும் பூச்சியையும் மேய்வதையும், வரப்பு செதுக்குவதையும் அப்போதுதான் பார்க்கமுடியும்.

நண்பகலுக்குப் பிறகு மலையிலிருந்து மேகம் இறங்கி வயலை மறைத்துவிடுவது மாதக்கணக்கில்லாமல் நடக்கும். காலை எட்டு மணிக்குள் ஊரில் இருங்கள். மார்ச்சு வாக்கில் வரும் நியெப்பி (பாலி இந்துக்களின் மௌன நாள்) அன்று காலை 6 மணியிலிருந்து மறுநாள் 6 மணி வரை தீவே அடங்கியிருக்கும், விமான நிலையமும் மூடியிருக்கும். பயணத் தேதி குறிக்குமுன் அந்த ஆண்டின் நியெப்பி என்றைக்கு என்று பாருங்கள்.

சுபாக் என்கிறார்களே, தண்ணீரை உண்மையில் எப்படிப் பங்கிடுகிறார்கள்? எங்கள் பக்கம் மடைச் சண்டை தீர்ந்தபாடில்லை. (விவசாயி, திருவையாறு)

சுபாக் ஒரே நீர்வழியில் பாசனம் பெறும் நிலக்காரர்களின் சங்கம். கிராம எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீர் போகும் வழிதான் அதன் எல்லை. தலைவர் ‘பெகாசே’. சுபாக்கின் உட்பிரிவு ‘தெம்பெக்’, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். இந்த முறை ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வருகிறது.

ஓடையை மறித்து ஒரு சிற்றணை. அங்கிருந்து ‘தெலாபா’ என்னும் வாய்க்கால். குன்று குறுக்கிட்டால் அதைக் குடைந்து சுரங்கம். வாய்க்கால் பிரியும் இடமெல்லாம் ‘தெம்புகு’ என்ற பங்கீட்டுக் கட்டை குறுக்கே கிடக்கும். தென்னை போன்ற மரத்தில் வெட்டுவாய்கள் செதுக்கியிருப்பார்கள், இப்போது பல இடங்களில் சிமெண்டிலும் உண்டு. எல்லா வெட்டுவாயும் ஒரே ஆழம், அகலம் மட்டும் பங்குக்கு ஏற்றபடி. பத்துப் பங்கில் மூன்று பங்கு உரிமையுள்ள கிளைக்கு மூன்று பங்கு அகலம். இதன் நுட்பம் என்னவென்றால், வாய்க்காலில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் விகிதம் மாறாது. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி மடையைத் திறந்து மூடுவதுபோல் இங்கே ஆள் நின்று அளக்க வேண்டியதில்லை. பற்றாக்குறை வந்தால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும், போகிறபோக்கில் பார்க்கிற எவருக்கும் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். கட்டையின் கீழே ஒரு கல்லைச் செருகினால்கூட நீர்மட்டம் மாறி பக்கத்து வெட்டுவாய்க்கு அதிகம் போய்விடும். அதனால்தான் சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் ஏறி நிற்கக்கூடாது என்கிறார்கள்.

வாய்க்கால் தூர்வாருவது எல்லோருக்கும் கடமை. வராதவருக்கு அபராதம், நீர் திருடினால் அதைவிடக் கூடுதல். எல்லாம் ‘அவிக்-அவிக்’ என்ற எழுத்துச் சட்டத்தில் இருக்கிறது. எப்போது நடுவது, எந்த ரகம் என்பதைச் சுபாக் கூட்டம் தீர்மானிக்கும். நாற்று விடுவதிலிருந்து கதிர் சூல்கொள்வது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் வயல் கோயிலில் ஒரு பூசை உண்டு. விளைச்சலுக்குத் தெய்வம் தேவி ஸ்ரீ. பூசை நாளும் நடவு நாளும் ஒன்றோடொன்று கட்டுண்டவை, அதனால் பூசை அட்டவணையே பயிர் அட்டவணை.

உங்கள் கேள்வியின் உயிரான இடத்துக்கு வருகிறோம்: தலைமடைக்காரர் ஏன் கடைமடைக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறார்? அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதை ஆராய்ந்து சொன்ன காரணம், பூச்சி. அவரவர் இஷ்டத்துக்கு நட்டால் ஆண்டு முழுதும் எங்காவது இளம்பயிர் நிற்கும், தத்துப்பூச்சியும் எலியும் வயலுக்கு வயல் மாறிக்கொண்டே பெருகும். பரந்த நிலம் ஒரே சமயத்தில் நட்டு ஒரே சமயத்தில் தரிசானால் பூச்சிக்கு உணவில்லாமல் போகிறது. கடைமடைக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் அவர் தாமதமாகத்தான் நடுவார். அந்தத் தாமதத்தின் பூச்சி தலைமடை வயலுக்குத்தான் ஏறிவரும். எனவே நீரைப் பகிர்வதில் தலைமடைக்காரருக்கும் சொந்த நலன் இருக்கிறது. 1970-களில் பசுமைப் புரட்சியின்பேரில் கோயில் அட்டவணையைத் தள்ளிவைத்து, முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று அரசு சொன்னது. புகையானும் துங்ரோ நோயும் பாலி வயல்களை வாட்டின. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

திருவையாற்றில் அப்படியே செய்யமுடியுமா என்றால், கட்டையைச் செய்வது எளிது. எல்லோரும் ஒரே வாரத்தில் நடுவோம் என்று ஒரு கிளை வாய்க்காலின் உழவர்கள் மட்டும் முதலில் ஒத்துக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, காரைக்குடி)

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்கவேண்டும். காய்கறியாகத் தெரிவதில் மறைந்திருப்பவை மூன்று: சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் ‘தெராசி’ என்ற இறால் விழுது, உள்ளூர்க் கடைகளில் தாளிக்கும் பன்றிக் கொழுப்பு, சூப்பில் கோழிச்சாறு. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘தன்பா டாகிங், தன்பா இகான், தன்பா தெராசி’ (இறைச்சி, மீன், இறால் விழுது வேண்டாம்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்; முட்டையும் வேண்டாமென்றால் ‘தன்பா தெலுர்’. ‘லாவார்’ என்ற பலாக்காய்ப் பொரியலைக் காய்தானே என்று எடுத்துவிடாதீர்கள், அதில் இறைச்சியும் இரத்தமும் சேர்ப்பது வழக்கம். சோற்றுக்கட்டியும் காய்கறியும் நிலக்கடலைச் சாற்றில் பிசைந்த ‘திபாட் சந்தோக்’ தெராசி இல்லாமல் கேட்டால் நல்ல மதியச் சாப்பாடு. தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு (சோயாப் பாலில் செய்த கட்டி), சிவப்பரிசிச் சோறு எங்கும் உண்டு.

தங்குவது, நடப்பது, கோயில்: கவனிக்க வேண்டியவை? (பலர்)

வீட்டுத்தங்கல் அறை 3 முதல் 6 லட்சம் ரூபியா வரை. இரவில் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துப்போங்கள். வெந்நீர் உண்டா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். பணத்தைத் தபானான் நகரிலேயே எடுத்துவிடுவது நல்லது.

வயல் பாதைகளுக்கு நிறக்குறி உண்டு. ஒரு மணி நேரத்திலிருந்து அரைநாள் வரை நீளம் வேறுபடும். வரப்பு ஓரடிதான் அகலம், மழைக்குப்பின் வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும். எதிரே கட்டு சுமந்து வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்குவது உங்கள் வேலை. வரப்பு விளிம்பை மிதித்து உடைத்தால் மேல்படி நீர் கீழ்ப்படிக்குக் கொட்டி மண்ணரிப்பு தொடங்கும். உடைந்தால் உழவரிடம் சொல்லிவிடுங்கள். மூலையில் நிற்கும் சிறு மாடங்கள் வழிபடும் இடம், சாய்ந்துகொள்ளவோ பையை வைக்கவோ கூடாது.

மலைமேல் பத்துகாரு பெருங்கோயில் காரில் அரைமணிக்குச் சற்று மேல். இடுப்பில் சாரமும் அதன்மேல் கச்சையும் கட்டவேண்டும், அங்கேயே கிடைக்கும். மாதவிலக்கில் இருப்பவர்களும் வீட்டில் அண்மையில் சாவு நேர்ந்தவர்களும் உள்ளே போவதில்லை. நம் தீட்டு வழக்கம் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரை ஏக்கர் வயல் வாங்கி நாலு குடில் கட்ட ஆசை. உள்ளூர் நண்பர் பேரில் வாங்கலாம் என்கிறார்கள். (தொழிலதிபர், கோயம்புத்தூர்)

வேண்டாம். மூன்று காரணங்கள், மூன்றும் தனித்தனியாகவே உங்கள் பணத்தை முழுங்கக் கூடியவை.

முதலாவது, முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச்சட்டம், பிரிவு 26 உட்பிரிவு 2: அந்நியருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ உரிமை போகும்படி செய்யும் பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குச் சேரும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கமுடியாது. நண்பர் பேரில் வாங்கிவிட்டுக் கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று எத்தனை எழுதினாலும் நீதிமன்றத்தில் அவை நீங்கள் விதியைச் சுற்றிப்போனதற்குச் சான்றாகத்தான் நிற்கும். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காலமானால் வாரிசுகளுக்கு உங்களை யாரென்றே தெரியாது.

இரண்டாவது, அது வயல். 2009-இன் 41-ஆம் எண் சட்டம் காக்கும் உணவுப்பயிர் நிலத்தில் கட்டடம் எழுப்பினால் ஐந்தாண்டு வரை சிறை, நூறு கோடி ரூபியா வரை அபராதம். அதன்மேல் உலக மரபு எல்லை. இது ஏட்டுச் சட்டம் அல்ல. 2025 டிசம்பரில் ஜாதிலுவியில் நிலப்பயன்பாட்டு விதியை மீறியதாக 13 கட்டடங்களுக்கு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். அவற்றில் உள்ளூர்க்காரர்களின் சிறு உணவகங்களும் இருந்தன. எதிர்ப்பாக உழவர்கள் வயல் நடுவே தகரத் தகடுகளை நட்டுவைத்தார்கள். அவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு: ஊர் பார்க்க வருகிறவர்களால் வரும் காசில் வயலைக் காப்பவனுக்கு எவ்வளவு போய்ச்சேருகிறது என்பதே அவர்கள் கேள்வி. சொந்த நிலத்தில் உள்ளூர்க்காரருக்கே இந்த நிலை என்றால் வெளியாருக்கு என்ன இடம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, தனியார் நிலம்போலத் தெரிவதெல்லாம் தனியாருடையது அல்ல. கோயில் நிலம் உண்டு. ஊர்க் கடமைக்கு ஈடாகக் குடும்பங்கள் அனுபவிக்கும் மரபூர் (வழக்காற்றுப்படி நடக்கும் ஊர்ச் சமூகம்) நிலமும் உண்டு; வீடு கட்டி மூன்று தலைமுறை இருந்தாலும் அதை விற்க அவர்களுக்கே உரிமை இல்லை.

தங்குமிடம்தான் வேண்டுமென்றால் குடியிருப்புப் பகுதியில், வயலுக்கு வெளியே, குத்தகை எடுப்பதே நேர்வழி; 25, 30 ஆண்டுக் குத்தகை வழக்கத்தில் உள்ளது. வரிசை முக்கியம். உரிமைச் சான்றிதழை நில அலுவலகத்தில் சரிபார்த்து, அடமானமோ வழக்கோ இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். அடுத்து, அந்த நில எண்ணுக்கு எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்று மாவட்டத் திட்ட வரைபடத்தில் பாருங்கள். பிறகு உரிமையாளரின் மனைவி அல்லது கணவர், கூட்டு வாரிசுகள் எல்லோரின் ஒப்புதல். இவை முடிந்தபின்தான் முன்பணம், அதுவும் பத்திரப் பதிவாளர் முன்னிலையில். பலர் முன்பணத்தை முதலில் கொடுத்துவிட்டு வரைபடத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். அந்த நிலம் பசுமைப் பகுதி என்று அப்போது தெரிந்து என்ன பயன்? கட்டட அனுமதி கிடைக்காது, குத்தகைப் பணமும் திரும்பாது.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியிலும் இருந்தாக வேண்டும். 2009-இன் 24-ஆம் எண் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒப்பந்தங்களை அங்கே நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியிருக்கிறது.

அந்நிய முதலீட்டு நிறுவனம் தொடங்க எவ்வளவு பணம் வேண்டும்? (வாசகர், சென்னை)

அந்நியப் பங்குள்ள நிறுவனத்தை அரசு ‘பெருந்தொழில்’ வகையில்தான் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தொழில் வகைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் முதலீட்டுத் திட்டம் 10 பில்லியன், அதாவது ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல். நம் பணத்தில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். பொதுவாக இதில் நிலமும் கட்டடமும் சேராது, சில தொழில்களுக்கு மட்டும் கணக்கு மாறும். செலுத்திய மூலதனம், அதாவது பங்குதாரர்கள் உண்மையில் போடும் பணம், முன்பு இதே அளவு இருந்தது. 2025 அக்டோபரில் வந்த விதியால் 2.5 பில்லியனாகக் குறைந்தது. குறைக்கப்பட்டது செலுத்த வேண்டிய மூலதனம் மட்டும்தான், திட்ட அளவு அல்ல. ‘இப்போது கால்பங்கு போதும்’ என்று முகவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

சிறு வீட்டுத்தங்கல், ஐந்து அறை வரை உள்ள ‘பொண்டோக் விசாத்தா’, உள்ளூர்க் குடும்பங்களுக்கென்று விடப்பட்ட தொழில். விசாவும் இதில் சேர்த்துப் பார்க்கவேண்டியது: வந்திறங்கியதும் எடுத்த விசாவில் ஆட்களைச் சந்தித்துப் பேசலாம், சரக்கு வாங்கலாம். கடையில் நின்று வேலை செய்தால் நாடுகடத்துவார்கள்.

ஐந்து கோடி எங்களிடம் இல்லை. சிறு முதலுக்கு அங்கே வழியே கிடையாதா? (வாசகி, ஈரோடு)

உண்டு, அதைத்தான் நாங்கள் அதிகம் விரும்புகிறோம்: நிலத்தை விட்டுவிட்டு நெல்லின் பின்னால் போங்கள். சிவப்பரிசி விளைவதில் ஊருக்குக் குறையில்லை. அறுத்தபின் நடப்பதில்தான் இழப்பு.

இந்த நெல் ஆளுயரத்துக்கு வளரும், மணியில் நீண்ட கூர் இருக்கும், எளிதில் உதிராது. உதிராததால்தான் கைக்கத்தியால் கதிரை மட்டும் அறுத்துக் கட்டாகக் கட்டிக் களஞ்சியத்தில் தொங்கவிட முடிகிறது. ஆனால் குறுகிய கால ரகங்களுக்குச் செய்த கதிரடி இயந்திரத்தில் போட்டால் கூர் அடைத்துக்கொள்ளும், மணியும் கதிரிலேயே தங்கும். யூரியா கூடினால் தண்டு சாய்ந்து மணி சேற்றில் கெடும், ஆகவே ‘உரம் தருகிறேன், விளைச்சலைக் கூட்டு’ என்று போவது இந்த ரகத்துக்கு உதவாது.

காயவைப்பதில் தவறு நடந்தால் அரவையில் நொய்யாகும். ஈரம் 14 சதவிகிதத்துக்கு இறங்கவேண்டும், ஆனால் மெதுவாக. கொதிக்கும் சிமெண்டுக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி ஒரே நாளில் காய்த்தால் மணிக்குள் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, உமி நீக்கும்போது உடையும். நாலைந்து சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளறி, உச்சி வெயிலில் குவித்து மூடி, இரண்டு மூன்று நாளில் காயவைக்கவேண்டும். மலை ஊரில் பிற்பகல் மழை வரும் என்பதால் ஒளிபுகும் கூரைபோட்ட உலர்த்துக் கூடமும் ஓர் ஈரமானியும் இருந்தாலே பெரிய மாற்றம் வரும்.

சிவப்பு நிறம் தவிட்டில் இருக்கிறது. ரப்பர் உருளையில் உமியை மட்டும் நீக்கவேண்டும், தீட்டினால் நிறமும் விலையும் போய்விடும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறதே, உமி நீங்கியதும் அது சிக்கடிக்கத் தொடங்கும். எனவே நெல்லாகவே வைத்திருந்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, காற்று நீக்கி ஒரு கிலோ பையில் அடைப்பது சரியான முறை. அப்படியும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். ஒரேயடியாக அரைத்துச் சாக்கில் கட்டிவைக்கிறவர்கள் வண்டுக்கும் சிக்குவாடைக்கும் சரக்கைப் பறிகொடுக்கிறார்கள்.

இன்னொன்று சிவப்பரிசித் தேநீர். அரிசியை இரும்புச் சட்டியில் சிறுதீயில் மணம் வரும்வரை, சில மணிகள் வெடிக்கும்வரை வறுத்து ஆறவைக்கிறார்கள். ஒரு குவளை கொதிநீருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஐந்து முதல் பத்து நிமிடம். வறுத்ததால் தவிட்டின் நொதி அடங்கிவிடும், எடை குறைவு, பயணிகள் வாங்கிப்போவார்கள். உடைந்த மணியையும் இதற்குப் பயன்படுத்தலாம். கருகவிட்டால் கசக்கும் என்பதே இதிலுள்ள ஒரே கண்டம்.

உரிமங்கள்: அரிசிப் பைக்குப் புதுவிளைபொருள் பதிவு, தேநீருக்கு வீட்டுத்தொழில் உணவு உரிமம், ஹலால் சான்றிதழ். இவற்றை உள்ளூர்ப் பெண்கள் குழுவோ கூட்டுறவோ தன் பெயரில் எடுக்கவேண்டும். நீங்கள் வாங்குபவராக இருங்கள்: அறுப்புக்குப்பின் இத்தனை டன், இந்த ஈரம், இத்தனை சதவிகிதத்துக்கு மேல் நொய் கூடாது, இந்த விலை என்று எழுதி வாங்குங்கள். உலர்த்துக் கூடத்துக்கான பணத்தை விலையில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளலாம். பயிர் நிற்கும்போதே குறைந்த விலைக்குப் பேசி முன்பணம் தருவதை அங்கே ‘இஜோன்’ என்பார்கள். உழவரைக் கடனில் ஆழ்த்தும் அந்த முறையின் சாயல் உங்கள் பேச்சில் தெரிந்தால் கூட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்கும் திட்டத்தை மறந்துவிடுங்கள். இங்கே அரிசிக்கு இறக்குமதி வரி மிக அதிகம், அங்கே ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். பாலியின் தெற்கில் உள்ள விடுதிகளும் உணவகங்களுமே அருகிலுள்ள நல்ல சந்தை.

ஊரில் முதலில் யாரைப் பார்த்துப் பேசவேண்டும்? (வாசகர், சேலம்)

பாலிக் கிராமத்தில் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை. அரசு நிர்வாகத்துக்குப் பெர்பெகெல், நம் ஊராட்சித் தலைவர் மாதிரி. சமயம், வழக்காறு, மரபூர் நிலம் ஆகியவற்றுக்கு மரபூர்த் தலைவரான பெண்டேசா அடாட். நீருக்கும் வயலுக்கும் பெகாசே. சுற்றுலா வாசலுக்குத் தனி நிர்வாகம். ஒருவர் சரியென்றால் மற்றவர் சம்மதம் தானே வந்துவிடாது. பெர்பெகெல் அலுவலகத்தில் தொடங்கி, நெல் சம்பந்தப்பட்டதானால் அடுத்து பெகாசேயிடம் போங்கள்.

இந்தோனேசிய மொழியில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: எவ்வளவு வாங்குவீர்கள், என்ன விலை, தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், கழிவு எங்கே போகும். தண்ணீர்க் கேள்வி கட்டாயம் வரும், ஏனென்றால் வாய்க்காலில் எடுக்கும் ஒவ்வொரு குடமும் யாரோ ஒருவருடைய பங்கு. முடிவைக் கூட்டத்தில்தான் எடுப்பார்கள், அதற்கு ஓரிரு மாதம் ஆகலாம். 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகை வாரத்திலும் கோயில் திருவிழா நாட்களிலும் போகாதீர்கள், யாரும் பேச நேரம் ஒதுக்கமுடியாது.

நினைவாக ஒரு கைப்பிடி நெல் கொண்டுவரலாமா? (மாணவி, நாகர்கோவில்)

விதை நெல் கொண்டுவர இந்தியப் பயிர்த் தனிமைப்படுத்தல் விதிப்படி முன்னனுமதியும் அங்கிருந்து நலச் சான்றும் வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். கூடவே புதிய பூச்சியையோ நோயையோ நம் வயலுக்கு ஏற்றிவரும் ஆபத்தும் உண்டு. வறுத்து, உறையிட்டு, முத்திரை பிரிக்காத தேநீர்ப் பொட்டலத்தை வாங்கி வாருங்கள். சுங்கத்தில் கேட்டால் காட்டுங்கள்.